தாலியும் ஆறு பே ஸ்லிப்பும்

கணவனையோ மனைவியையோ லண்டனுக்குக் கூப்பிடும் விண்ணப்பத்தில் விசா அதிகாரி எதைத் தேடுகிறார் என்பது நான் இந்த வேலைக்கு வந்த காலத்தோடு ஒப்பிட்டால் அடியோடு மாறிவிட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று துருவினார்கள். இன்று பே ஸ்லிப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறார்கள். இரண்டு காலத்திலும் குடும்பங்கள் பிரிந்துதான் கிடந்தன. ஆனால் மனசைச் சந்தேகித்த காலத்தில் எதிர்த்து வாதாட எங்களுக்கு இடமிருந்தது. தொகை குறைந்த பே ஸ்லிப்போடு யாரும் வாதாட முடியாது.

கிழக்கு லண்டனில் ஒரு லோயரின் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன். அப்போது 'பிரைமரி பர்ப்பஸ்' என்று ஒரு விதி இருந்தது. இந்தக் கலியாணத்தின் முதன்மை நோக்கம் பிரிட்டனுக்குள் வருவது அல்ல என்று விண்ணப்பிப்பவரே நிரூபிக்க வேண்டும். அதில் அதிகம் அகப்பட்டவர்கள் எங்கள் பக்கத்து மாப்பிள்ளைமார்தான். கொழும்பில் நேர்காணல் நடக்கும். "பெண்ணுக்கு லண்டன் இல்லாவிட்டால் கட்டியிருப்பீரா?" என்று கேட்பார்கள். "அவர் இங்கே வந்து உம்மோடு இருக்கலாமே?" என்பார்கள். இருக்கலாம் என்றால், அப்படியானால் நீர் ஏன் போகிறீர் என்ற கேள்வி வரும். இருக்க முடியாது என்றால், லண்டனுக்காகத்தான் கட்டுகிறீர் என்று எழுதிக்கொள்வார்கள்.

ஒரு மறுப்புக் கடிதம் எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. பெண் சிறுவயதிலேயே லண்டனுக்கு வந்து வளர்ந்தவள். மாப்பிள்ளை வடமராட்சி. உங்கள் சமூக வழக்கப்படி மணமகள்தான் மணமகன் வீட்டுக்குப் போவாள், நீரோ மணமகள் இருக்கும் இடத்துக்குப் போகிறீர், ஆகவே உமது நோக்கம் குடியேற்றமே என்று ஒரு அதிகாரி எழுதியிருந்தார். யாழ்ப்பாணத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போவதும், மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து குடியிருப்பதும் தலைமுறை வழக்கம். தேசவழமைச் சட்டமே சீதனத்தைப் பெண்ணின் சொத்தாகத்தான் வைத்திருக்கிறது. அப்பீலில் பெண்ணின் தாய் சாட்சி சொன்னார், நான் மொழிபெயர்த்தேன். "எங்கட ஊரில மாப்பிள்ளைதான் பொம்பிளை வீட்டுக்கு வாறது. என்ர மனுசனும் அப்பிடித்தான் வந்தவர்." நீதிபதி பேனாவை நிறுத்திவிட்டு, அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். கேஸ் வென்றது. 1997 மேயில் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. உள்துறை அமைச்சராக இருந்த ஜாக் ஸ்ட்ரோ ஜூனிலேயே அந்த விதியை எடுத்துவிட்டார். அலமாரியில் நின்றுபோயிருந்த ஃபைல்களைத் தூசி தட்டி மறுபடி அனுப்பிய அந்தக் கோடைக்காலம் போல இந்தத் தொழிலில் இன்னொன்றை நான் காணவில்லை.

எங்கள் பெடியள் பலருக்கு அப்போது அகதி அந்தஸ்துகூடக் கிடைப்பதில்லை. 'எக்செப்ஷனல் லீவ்' என்ற தற்காலிக அனுமதிதான். அதில் நாலு வருஷம் கழியாமல் மனைவியைக் கூப்பிட முடியாது. கழிந்த பிறகும் மாப்பிள்ளை ஊருக்குப் போய்த் தாலி கட்ட முடியாது. ஆகவே கலியாணங்கள் திருச்சியிலும் சென்னையிலும் நடந்தன. பெண் வவுனியாவில் பாஸ் எடுத்து, கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ லொட்ஜில் தங்கி, பொலிஸ் பதிவு செய்து, அங்கிருந்து விமானம் ஏறுவாள். மாப்பிள்ளை இங்கிருந்து போவார். சில வாரம் சேர்ந்திருப்பார்கள். பிறகு அவர் இங்கே, அவள் திரும்ப லொட்ஜில், விசா வரும்வரை.

2007 ஜூன் 7 விடியற்காலையில் கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழரைப் பேருந்துகளில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பினார்கள். மறுநாள் இலங்கை உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது, ஆனால் அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள். எனக்கு ஒரு பெண்ணிடமிருந்து போன். "அக்கா, என்ர ஃபைல் கொழும்பில, நான் வவுனியாவில. இனி எப்பிடி?" நேர்காணல் நாளைத் தள்ளிவைக்கும்படி அன்றைக்கே கடிதம் அனுப்பினோம். புதிய நாள் கிடைத்தது. அவளுக்கு இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை இருக்கிறான்.

உறவு உண்மையானது என்று காட்டும் சான்றுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடிதக் காலத்தில், கடிதத்தைவிட உறையைப் பத்திரமாக வைக்கச் சொல்வேன். உள்ளே உள்ளதை எப்போதும் எழுதலாம், தபால் முத்திரையில் உள்ள தேதியை யாரும் பிறகு போட முடியாது. பிறகு ரெலிபோன் கார்ட் வந்தது. ஐந்து பவுண் கார்டைச் சுரண்டிப் பேசிவிட்டு எறிந்துவிடுவார்கள், யாரோடு பேசினார்கள் என்பதற்கு ஒரு தடயமும் இராது. இப்போது வாட்ஸ்அப்பில் அதற்கு நேர்மாறு. ஆயிரம் பக்கத்தை அச்சடித்துக்கொண்டு வருகிறார்கள். ஒவ்வொரு மாதத்திலும் ஒன்றிரண்டு போதும். முதல் பேச்சிலிருந்து விண்ணப்பம் வரை இடைவெளி இல்லாமல் இருந்தால் அதுவே போதிய பலம்.

எல்லாவற்றையும்விட எங்களுக்குக் கேடு செய்தது உண்டியல், பாங்குக்கு வெளியே ஆள் மூலம் காசு அனுப்பும் வழி. மாதம் தவறாமல் மனைவிக்குக் காசு அனுப்பிய மனிதரிடம் ஒரு ரசீது இருக்காது. காசு வீட்டு வாசலில் போய்ச் சேர்ந்திருக்கும், பேப்பரில் ஒரு சதமும் அனுப்பப்படவில்லை. நிச்சயதார்த்தம் முடிந்த நாளிலிருந்து ஐம்பது பவுணென்றாலும் பாங்க் வழியாகவே அனுப்பச் சொல்கிறேன். உண்டியல்காரர் கூடுதல் விலை தருகிறார் என்று சிலர் கேட்பதில்லை. அந்தச் சில ரூபாய் லாபத்துக்கு எத்தனை மாதப் பிரிவை விலையாகக் கொடுக்கிறோம் என்பது மறுப்புக் கடிதம் வந்த பிறகுதான் தெரியவருகிறது.

இன்னொரு விஷயம் கணவனின் பழைய அகதி ஃபைல். ஏஜென்ட் சொல்லிக்கொடுத்த வயது, மொழிபெயர்ப்பாளர் கேட்டபடி எழுதிய பெயர், பயத்தில் சொன்ன பதில் எல்லாம் அதில் அப்படியே இருக்கும். பத்து வருஷம் கழித்து மனைவி விண்ணப்பிக்கும்போது அந்தத் தாள் எடுத்துப் பார்க்கப்படும். ரூட்டிங்கிலிருந்து வந்த ஒருவருடைய முதல் நேர்காணலில் தகப்பன் பெயர் அவருடைய பெயராகவும், அவருடைய பெயர் குடும்பப் பெயராகவும் பதிவாகியிருந்தது. பிறப்புச் சான்றிதழில் வேறு வரிசை. எழுத்து முடிந்தபோது கொடுத்த விவாகப் பதிவில் இன்னொரு எழுத்துக்கூட்டல். மனைவியின் பாஸ்போர்ட்டில் அவருடைய பெயர் நாலாவது விதமாக. நாலும் ஒரே ஆள்தான் என்பது எங்களுக்குப் பார்த்ததும் தெரிகிறது, இங்கே மேசையில் இருப்பவருக்கு அது நாலு ஆள். ஆகவே புதிய கேஸ் எடுத்ததும் நான் செய்யும் முதல் வேலை, ஸ்பொன்சர் பண்ணுபவரின் முழு ஃபைலையும் ஹோம் ஒஃபிஸிடமிருந்து கேட்டு எடுப்பது. முன்பு அதற்குப் பத்து பவுண் கட்ட வேண்டும், 2018இலிருந்து இலவசம். அதில் உள்ளதை வாசித்து, எங்கே வித்தியாசம், ஏன் என்று அவரே சத்தியக் கடதாசியில் சொல்லிவிடுவார். அவர்களாகக் கண்டுபிடிக்கும் முன் நாங்களாகச் சொன்ன வித்தியாசத்துக்காக என் கையில் மறுப்பு வந்ததே இல்லை எனலாம்.

இந்த வேலைக்கே ஒழுங்கு வந்தது 2001இல். அதற்கு முன் கடை வைத்திருந்தவரும் ரிக்கெட் விற்றவரும் விசா ஆலோசனை சொன்னார்கள். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு இல்லாமல் குடிவரவு ஆலோசனை கொடுப்பது குற்றமாயிற்று. நானும் பரீட்சை எழுதிப் பதிவு எடுத்தேன். இன்றும் பதிவில்லாதவர்களிடம் ஏமாந்து வருகிறார்கள், அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை.

பிறகு 2012 ஜூலை 9 வந்தது. அன்றிலிருந்து மனைவியையோ கணவனையோ கூப்பிட ஸ்பொன்சருக்கு ஆண்டுக்கு 18,600 பவுண் வருமானம் வேண்டும். பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாத ஒரு பிள்ளையும் சேர்ந்தால் 22,400. அதற்கு மேல் ஒவ்வொரு பிள்ளைக்கும் 2,400. விதி வந்த அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஆண்டு ஒக்ரோபரில் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 6 பவுண் 19 பென்ஸ் ஆகவிருந்தது. அந்தச் சம்பளத்தில் 18,600 எடுக்க வாரம் ஏறத்தாழ 58 மணித்தியாலம், ஒரு வாரமும் லீவு இல்லாமல் உழைக்க வேண்டும். பெற்றோல் ஸ்டேஷனிலும் கடையிலும் நின்ற எங்கள் ஆட்கள் பலர் அப்படி உழைத்தவர்கள்தான். ஆனால் அந்த உழைப்பு முழுவதும் பேப்பரில் இல்லை. 'பாதி காட், பாதி கை' என்பதுதான் நடைமுறை: இருபது மணித்தியாலம் பே ஸ்லிப்பில், மிச்சம் கையில் காசாக. முதலாளிக்கும் அது வசதி, தொழிலாளிக்கும் அப்போது வசதி. கலியாணம் வந்தபோதுதான் கையில் வாங்கிய காசு காசே இல்லை என்று ஆயிற்று.

ஆறு பே ஸ்லிப்பை மேசையில் வரிசையாக வைப்பேன். பக்கத்தில் பாங்க் ஸ்டேட்மென்ட். பென்சிலால் ஒவ்வொரு தொகைக்கும் ஒரு புள்ளி. ஒருவரின் பே ஸ்லிப்பில் கைக்கு வந்த சம்பளம் 1,268 பவுண் 40 பென்ஸ். பாங்கில் விழுந்தது 1,260. ஆறு மாதமும் அப்படியே. முதலாளி காசாகக் கொடுத்திருக்கிறார், இவர் சில்லறையைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு மிச்சத்தைக் கட்டியிருக்கிறார். "எட்டுப் பவுண்தானே அக்கா, ரீ குடிச்சனான்" என்றார். விதிப்படி, காசாக வாங்கிய சம்பளம் முழுவதும் பாங்கில் விழுந்தால்தான் வரிக்கு முந்தைய தொகையை வருமானமாக எடுப்பார்கள். குறைந்தால் பாங்கில் தெரியும் தொகைதான் கணக்கு. அந்தக் கணக்கில் அவர் 18,600க்கு எட்டவில்லை. மறு மாதத்திலிருந்து சம்பளம் நேராகப் பாங்குக்குப் போகும்படி முதலாளியோடு நானே பேசினேன். ஆறு மாதம் மறுபடி முதலிலிருந்து. அவருடைய மனைவி அந்த ஆறு மாதமும் கொக்குவிலில் தாய் வீட்டில் இருந்தார்.

சேமிப்புக் காட்டலாம் என்றொரு வழி உண்டு. வருமானமே இல்லாதவருக்கு அப்போது 62,500 பவுண், ஆறு மாதம் கணக்கில் இருக்க வேண்டும். ஊரில் காணி விற்று, சகோதரங்கள் சேர்ந்து போட்டு அப்படி வந்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். பலருக்கு அது கனவு.

பெண்கள் ஸ்பொன்சர் பண்ணும் கேஸ்களில்தான் இந்த விதியின் கொடுமையை நெருங்கிப் பார்த்தேன். ஹரோவில் ஒரு பெண். பிரிட்டிஷ் குடியுரிமை. கணவர் யாழ்ப்பாணத்தில் பொறியியலாளர். அங்கே அவர் உழைப்பது கணக்கில் வராது, இங்கே வந்தால் உழைக்கப்போவதும் கணக்கில் வராது, ஸ்பொன்சரின் வருமானம் மட்டும்தான். குழந்தை பிறந்ததும் அவள் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பகுதிநேரத்துக்கு மாறினாள். குழந்தையைப் பார்க்க ஆள் இருந்தால் முழுநேரம் உழைக்கலாம். பார்க்க வேண்டிய ஆள் விசா இல்லாமல் ஊரில் நிற்கிறார். இந்த முடிச்சை எந்த அதிகாரியிடம் கொண்டுபோனாலும் தொகையைத்தான் காட்டினார்கள். ஒருமுறை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனாள். போன் திரையைப் பார்த்து அப்பா என்று கூப்பிட்டுப் பழகிய பிள்ளை, கட்டுநாயக்காவில் நேரே நின்ற தகப்பனை மாமா என்றது. 2015இல் இங்கிலாந்தின் சிறுவர் ஆணையர் வெளியிட்ட அறிக்கை இப்படிப்பட்டவர்களை 'ஸ்கைப் குடும்பங்கள்' என்றது. அறிக்கை வந்த நாளில் அதன் பிரதியை அவளுடைய ஃபைலில் வைத்தேன்.

2017 பெப்ரவரியில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், இந்த விதியை எதிர்த்த எம்எம் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வருமான எல்லை சட்டவிரோதம் அல்ல என்றது, அது எங்களுக்குப் பெரிய ஏமாற்றம். ஆனால் பிள்ளைகளின் நலனை விதி போதிய அளவு பார்க்கவில்லை, நம்பகமான வேறு வருமான வழிகளையும் ஒதுக்கக்கூடாது என்றும் சொன்னது. அந்த ஆண்டு ஓகஸ்டில் விதிகள் திருத்தப்பட்டன. ஹரோப் பெண்ணின் தமையன் எழுதிக்கொடுத்த உறுதி, அவருடைய பாங்க் கணக்கு, கணவனுக்கு இங்கே ஒரு நிறுவனம் எழுதிய வேலை உறுதி, பிள்ளையின் டொக்டர் கடிதம் எல்லாம் சேர்த்து மறுபடி போட்டோம். விசா கிடைத்தது. ஆனால் இந்த வழியில் வருபவருக்கு நிரந்தர வதிவிடம் 5 ஆண்டில் அல்ல, 10 ஆண்டில்தான். இரண்டரை வருஷத்துக்கு ஒருமுறை கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அவர்கள் இன்னும் அந்தப் பாதையில்தான் இருக்கிறார்கள்.

காலப்போக்கில் குறைந்தபட்சச் சம்பளம் ஏறி ஏறி 18,600ஐப் பிடித்துவிட்டது. 2023 ஏப்ரலில் மணிக்கு 10 பவுண் 42 பென்ஸ். வாரம் 35 மணித்தியாலம் உழைத்தவருக்கும் போதும் என்ற நிலை. எங்கள் அலுவலகத்தில் மூச்சு விட்டோம். அந்த டிசம்பரிலேயே எல்லையை 38,700க்கு ஏற்றப்போவதாக அன்றைய உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் கிளெவர்லி அறிவித்தார். முதற்படியாக 2024 ஏப்ரல் 11 முதல் 29,000. நத்தாருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் எத்தனை கலியாணங்கள் நாள் மாற்றப்பட்டன என்று சொல்லி முடியாது. சித்திரையில் வைத்த முகூர்த்தத்தைத் தைக்கு இழுத்தார்கள். சிலர் எழுத்தை மட்டும் முடித்து, தாலி கட்டைப் பிறகு வைத்துக்கொண்டார்கள். ஐயரிடம் நாள் கேட்குமுன் என்னிடம் நாள் கேட்டார்கள். ஏப்ரல் 10 நள்ளிரவுக்கு முன் ஒன்லைனில் கட்டணம் கட்டிவிட்டால் பழைய எல்லை என்பதால், அன்று இரவு அலுவலகத்தில் எல்லாரும் இருந்தோம்.

29,000 என்றால் அந்த ஏப்ரலில் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வாரம் 48 மணித்தியாலத்துக்கும் மேல். அதன்மேல் விசாக் கட்டணம், மருத்துவ வரி. 2015இல் ஆண்டுக்கு 200 பவுணாகத் தொடங்கிய அந்த மருத்துவ வரி 2024 பெப்ரவரியிலிருந்து 1,035. முதல் விசாவுக்கே 3,105 பவுண் முன்கூட்டிக் கட்ட வேண்டும்.

ஊரில் இருக்கும் பெண்ணுக்கு ஆங்கிலப் பரீட்சை 2010 நவம்பரிலிருந்து. கேட்டலும் பேசுதலும் மட்டும், மிக ஆரம்ப நிலை. நகரத்துப் பிள்ளைகளுக்கு அது ஒன்றுமில்லை. போரில் படிப்புக் குழம்பிய வன்னிப் பிள்ளைகளுக்கு அது மலை. கொழும்பில் பரீட்சை அறையில் முன்பின் தெரியாத இன்னொருவரோடு ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்ற பயத்திலேயே வாயடைத்துப் போனவர்களை அறிவேன். அவர்களுக்கு நான் சொல்லும் வழி, கணவன் தினமும் போனில் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் மட்டும் பேசுவது. என்ன சமைத்தாய், யார் வந்தார்கள், மழையா என்று கேட்டால் போதும். வாய் திறந்துவிடும்.

விசா வந்து, ஹீத்ரோவில் இறங்கி, படம் எடுத்து முடிந்த பிறகு எங்கள் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படி இல்லை. வந்த பெண் கணவனோடு முதல்முறை அலுவலகத்துக்கு வரும்போது, கணவன் முன்னாலேயே ஒரு விஷயம் சொல்வேன்: உன்னை ஒருவரும் அடிக்கக் கூடாது, அடித்தால் உன் விசா போகாது. "ஸ்பொன்சர் பண்ணினவன் நான், ஒரு போன் போட்டால் திருப்பி அனுப்புவான்" என்ற மிரட்டலை எத்தனையோ பெண்கள் என்னிடம் சொல்லி அழுதிருக்கிறார்கள். வீட்டு வன்முறையால் உறவு முறிந்தால் அவளே தன் பெயரில் நிரந்தர வதிவிடம் கேட்கலாம். 2012 ஏப்ரலிலிருந்து, அந்த விண்ணப்பம் தயாராகும்வரை மூன்று மாத அனுமதியும் அரசாங்க உதவியும் கேட்கலாம். இல்ஃபோர்டில் ஒரு பெண்ணின் பாஸ்போர்ட்டை மாமியார் அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். பிள்ளைத்தாய்ச்சிப் பரிசோதனைக்கு டொக்டரிடம் போன இடத்தில் நர்ஸின் போனை வாங்கி என்னைக் கூப்பிட்டாள். "அன்ரி, பாஸ்போர்ட் இல்லாமல் நான் எங்கே போறது?" பாஸ்போர்ட் வேண்டாம் பிள்ளை, அந்த அறையை விட்டு வெளியே வராதே என்றேன். டொக்டரின் குறிப்பும் பெண்கள் காப்பகத்தின் கடிதமும் பொலிஸ் பதிவுமே அவளுடைய சான்றுகள் ஆயின. இன்று அவள் நிரந்தர வதிவிடத்தோடு, தன் மகளோடு இருக்கிறாள். தாலி கட்டி அனுப்பும் தாய்தகப்பனுக்கு இந்தச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். நகைக் கணக்குப் பார்க்கும் நேரத்தில் பாதி நேரம் இதற்குப் போதும்.

2025 ஜூனில் குடிவரவு ஆலோசனைக் குழு தன் அறிக்கையில், குடும்பம் தன்னைத்தானே தாங்கிக்கொள்ள 23,000 முதல் 25,000 பவுண் வரையான வருமான எல்லை போதும் என்ற பக்கம் பேசியது. முன்பு அறிவித்த 38,700 என்ற தொகைக்கு அடிப்படை இல்லை என்றே எனக்கும் படுகிறது. ஆனால் குறையும் என்று காத்திருக்கும்படி நான் யாருக்கும் சொல்வதில்லை. இன்றைக்கு 29,000 காட்ட முடிந்தவர் இன்றைக்கே போட வேண்டும்.

அதே ஆண்டு செப்ரெம்பர் 4 முதல் அகதிகள் குடும்பத்தைக் கூப்பிடும் தனி வழிக்கும் புதிய விண்ணப்பங்களை நிறுத்திவிட்டார்கள். அதில் கட்டணம் இல்லை, வருமான எல்லை இல்லை. போர் முடிந்த பிறகும் வந்து சேர்ந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் வாசல். ஒரு தம்பிக்கு ஓகஸ்ட் கடைசியில்தான் அகதி அந்தஸ்துக் கிடைத்தது. மனைவியும் மகளும் கிளிநொச்சியில். விண்ணப்பத்துக்குப் பேப்பர் சேர்க்கும் முன் வழி மூடிவிட்டது. இப்போது அவர் எல்லாரையும் போல 29,000 காட்ட வேண்டும். ஒரு களஞ்சியசாலையில் இரவு வேலை செய்கிறார், சம்பளம் முழுவதும் பாங்கில் விழுகிறது. ஒருபக்கம் ஆறு மாதக் கணக்கைக் கட்டுகிறோம், மறுபக்கம் எல்லைக்கு எட்டாவிட்டாலும் பிள்ளையின் நலனைப் பார்க்க வேண்டும் என்ற வாதத்துக்கு மகளின் பள்ளிக்கூடக் கடிதமும் டொக்டர் அறிக்கையும் எடுக்கிறோம். போன வாரம் வந்து, இரவு ஷிப்டிலிருந்து பகலுக்கு மாற்றப்போகிறார்கள், உடம்புக்கு நல்லது என்றார். பகல் ஷிப்டில் மணிக்கு எவ்வளவு குறையும் என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கடிதம் வந்தபின்தான் மாறுவதா இல்லையா என்று இருவரும் இருந்து கணக்குப் பார்க்க வேண்டும்.